பக்கத்துத் தெருத் தண்ணீர்

எங்கள் தெருவுக்குக் குழாய் வராமல் போனதற்கு முனிசிபாலிட்டியைக் குறை சொல்ல முடியாது. குழாய் போட வந்த ஆளிடம் "இங்கே அப்படி ஒரு தெருவே இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் என் மாமனார். பக்கத்தில் நின்று ஆமாம் போட்டது தெரு முழுக்க. சித்தூரில் அதே தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். பேரப்பிள்ளைகள் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே பல் தேய்க்கிறார்கள். நான் எழுந்து போய் மூடிவிட்டு வருவேன். கிழவிக்குக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும், உண்மையைச் சொல்வதற்கு அது தேவலை.

நான் குடிபாலாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ வந்தவள். மாந்தோப்புத் தெரு என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். வந்து பார்த்தால் தெருவில் ஒரு மாங்கன்றுகூட இல்லை. எப்போதோ இருந்த தோப்பின் பெயர் மட்டும் தங்கியிருந்தது. வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், தையல்காரர், இரண்டு மூன்று பஸ் கம்பெனி ஆட்கள் என்று எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். சந்தையில் தெலுங்கு, சாமியிடம் தமிழ், சண்டை வந்தால் இரண்டும் என்று போய்க்கொண்டிருந்தது காலம். தெருக் கோடியில் ஒரு கிணறு இருந்தது. அதன் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. குளிக்க, துணி துவைக்க அது. குடிக்க முனிசிபாலிட்டியின் மாட்டு வண்டி பீப்பாயில் கொண்டுவந்து ஊற்றும்.

என் மாமனார் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். மருமகளை அதட்டிப் பேசியதில்லை, சோற்றில் குறை சொன்னதில்லை. ஆனால் சமையலறை வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி" என்பார். சொம்பு போகும். உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைப்பார். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் எடுத்து வந்தது என்பதெல்லாம் அவர் விஷயமே இல்லை. அன்றைக்கு ஆண்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவும் அதோடு சேர்ந்து போனது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஆண்களுக்கு ஒரே பேச்சு, எல்லைப் பேச்சுதான். எந்தத் தாலுகா அங்கே, எந்தத் தாலுகா இங்கே என்று எல்லையைப் பேசித் தீர்க்கப் போகிறார்கள். அதற்கு ஆள் வரப் போகிறார்கள். தமிழ் பேசுகிற இடம் தமிழ்நாட்டோடு சேரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். மாமனார்தான் தெருவுக்குத் தலைவர். தோளில் சலவைத் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு சாயங்காலமானால் வாசகசாலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் பேசுவதைக் கேட்க எனக்கும் பிடிக்கும். நம் பாஷை, நம் மானம் என்று அவர் சொல்லும்போது உள்ளே ஏதோ நிமிரும். அதைப் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் முனிசிபாலிட்டி தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை மாட்டியது. நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்து. எங்கள் தெரு முனைச் சுவரிலும் ஒன்று வந்து உட்கார்ந்தது. மாந்தோப்புத் தெரு என்று இல்லை. தெலுங்கில், மாமிடி தோட்ட வீதி. அர்த்தம் ஒன்றுதான். ஆனால் மாமனார் அதைப் பார்த்துவிட்டு வந்த முகம் சுண்டிப் போயிருந்தது.

"எல்லை பாக்கறவங்க தெருத் தெருவா வருவாங்க. போர்டு தெலுங்குல கீதுன்னா, இது தெலுங்குக்காரங்க தெருன்னு முடிவு பண்ணிக்கினு போயிடுவாங்க. அப்பறம் நாம இன்னா கத்தினாலும் எடுபடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு ஆண்கள் கூடிப் பலகையைப் பிடுங்கினார்கள். தையல்காரர் ஏணியில் ஏற, மாமனார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கியதைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடச் சொல்லி, எங்கள் வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். கிணற்றில் போட வேண்டிய வேலை, எல்லா வேலைகளையும் போல, அத்தைக்கு வந்து சேர்ந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், அதிகம் பேசமாட்டார். எந்த பாஷையிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பலகையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் நேரே சமையலறைக்குள் கொண்டுபோய், குடிதண்ணீர் ஊற்றி வைக்கிற பித்தளை அண்டாவின் மேல் வைத்தார். அண்டாவின் பழைய தகர மூடி துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது.

"நல்ல தகரம்மே. மேல பீங்கான் மாதிரி பூசிக்கீறான், துருவே புடிக்காது. கெணத்துல போட்டா யாருக்கு இன்னா பிரயோஜனம்?" என்றார்.

எழுத்து அடிப்பக்கம் போகும்படி கவிழ்த்து வைத்தார். மேலே பார்த்தால் வெறும் கறுப்புத் தகடு. அண்டா வட்டம், பலகை நீளம். இரண்டு பக்கமும் முனை நீட்டிக்கொண்டு இருந்தது. என் புடவை அதில் மாட்டி எத்தனையோ முறை கிழிந்திருக்கிறது. நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாமனார் தினம் அண்ணாந்து குடித்த தண்ணீர், அவர் பிடுங்கிப் போட்ட பெயருக்கு அடியில் குளிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு மட்டும் தெரியாது.

அடுத்தது நடந்ததுதான் கூத்து. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். கூட இரண்டு ஆட்கள், அளக்கிற சங்கிலி, கொடிக்கம்பு. தெரு முனையில் நின்று சுவரைப் பார்க்கிறார், பிளானைப் பார்க்கிறார், மறுபடி சுவரைப் பார்க்கிறார். பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. ஆண்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சங்கிலியைப் பார்த்ததுமே அவர்களுக்கு ஒரே ஒரு நினைப்புதான்: எல்லை அளக்க வந்துவிட்டார்கள்.

"மாமிடி தோட்ட வீதி இதேனா?" என்று கேட்டார் ஓவர்சியர்.

மாமனார் முன்னால் போனார். துண்டைச் சரி செய்துகொண்டார். "அலாண்டி வீதி இக்கட லேதண்டி" என்றார். அப்படிப்பட்ட தெரு இங்கே இல்லை. அதைத் தெலுங்கில் சொன்னார், அதுவும் என்ன அழகான தெலுங்கில்! தெலுங்குத் தெரு இல்லை என்று நிரூபிக்க வந்த மனிதர், தெலுங்கிலேயே அதைச் சொல்கிறோம் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி வரும்.

ஓவர்சியர் விடவில்லை. "பிளான்ல கீதே?" என்று தமிழில் கேட்டார். சித்தூர்க்காரர்தானே, அவருக்கும் இரண்டும் வரும்.

"பிளான்ல தப்பா போட்டுக்கீறாங்க. இது வேற தெரு" என்றார் மாமனார். குமாஸ்தா தலையாட்டினார். தையல்காரர் தலையாட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஒரு முழுத் தெருவையே மறைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் ஜெயித்துவிட்டார் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஓவர்சியர் தோளைக் குலுக்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டி, இரும்புக் குழாய்களை வரிசையாக இறக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய டாங்கிலிருந்து தெருவுக்குத் தெரு குழாய் வருகிறது. அந்த ஓவர்சியர் எல்லை அளக்க வந்தவர் இல்லை, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர வந்தவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் கெட்டது மாமனார் வாயால்.

அன்றைக்கே போய் "ஐயா, தப்பா சொல்லிட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். மாமனார் போகவில்லை. அவர் போகாததால் வேறு யாரும் போகவில்லை. "எல்லை தீரட்டும். மெட்ராஸ் கவர்ன்மென்ட் ஊட்டுக்கு ஒரு கொழா போட்டுக் குடுக்கும். இவங்க கிட்ட போயி நாம ஏன் கையேந்தணும்?" என்றார். வாசகசாலையில் கை தட்டினார்களாம். பக்கத்துத் தெருவில் குழாய் திறந்ததும், இந்தப் பேட்டைக்கு இனி எதற்கு என்று தண்ணீர் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

வண்டி நின்ற மறுநாள் காலையில் அத்தை குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். நான் அப்போது மாசமாக இருந்தேன். "நான் போறேன் அத்த" என்றதற்கு, வயிற்றைக் காட்டி, "இதோடயா?" என்றார். அது மட்டும் காரணமில்லை. வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "நீ போனா, வாத்தியார் ஊட்டு மருமவ அடுத்த தெருவுக்குத் தண்ணிக்கு வந்துச்சும்பாங்க. நான் போனா, கெழவி பொழுது போவாம வருதும்பாங்க."

அத்தைக்கு அப்போதே ஐம்பது தாண்டியாகிவிட்டது. இடது இடுப்பில் எப்போதும் வலி உண்டு. குடத்தை வலது பக்கம் வைத்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, தெரு முழுக்க நடந்து, முனை திரும்பிப் போய், அந்தத் தெருவின் வரிசையில் கடைசியில் நின்று, மறுபடி சாய்த்துச் சாய்த்து வருவார். குழாயில் தண்ணீர் காலையில்தான் வரும். அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் தெருவுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. எங்கள் பெண்களே பின்னால் போய் நின்றுகொண்டார்கள். திருட வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்.

நான் ஒரு நாள் அத்தையோடு போய்ப் பார்த்தேன். குழாய் ஒரு பெரிய வீட்டின் வாசலுக்கு எதிரே இருந்தது. அந்த வீட்டு அம்மா தெலுங்குக்காரர், அத்தை வயதுதான் இருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் கல் வைத்த மூக்குத்தி. அத்தையைப் பார்த்ததும் "ரா அக்கா" என்று கூப்பிட்டு, முன்னால் நின்றவளின் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தார். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. திட்டியிருந்தால் நாமும் திட்டிவிட்டு வரலாம்.

"மீ வீதிக்கு எந்துக்கு ராலேது அக்கா?" உங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று அந்த அம்மா கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை கண்ணை இமைக்காமல் சொன்னார்: "எங்க தெரு பள்ளம்மா. பள்ளத்துல பைப்பு எடுக்காதுன்ட்டாங்க."

பள்ளத்துக்குத்தான் தண்ணீர் முதலில் ஓடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அம்மா "அய்யோ பாப்பம்" என்று மட்டும் சொல்லி, குடத்தைத் தூக்கி அத்தையின் இடுப்பில் வைக்கக் கை கொடுத்தார். புருஷன் மானத்தைக் காக்க ஒரு பொய். அதைத் தினம் சுமக்க ஒரு குடம். வீட்டுக்கு வந்தால் மாமனார் உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி" என்றார். அத்தை சொம்பில் மொண்டு கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்தார். எனக்கு அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போய், கைக்குழந்தையோடு திரும்பினேன். அதற்குள் என் வீட்டுக்காரரைத் திருப்பதிக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கு ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் கிளார்க் வேலை. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்துக் குடித்தனம் வைத்தோம். அந்த வீட்டு வாசலிலேயே தெருக்குழாய். யாத்திரை வருகிறவர்கள் மொட்டைத் தலையோடு வந்து கால் கழுவிவிட்டுப் போவார்கள். தெரு முனையில் தெலுங்குப் பலகை, அதே நீலம், அதே வெள்ளை. யாரும் அதைப் பிடுங்கவில்லை, யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. நான் வாசற்படியை விட்டு இறங்காமலே குடத்தை நிரப்பிக்கொள்வேன். நிரம்புகிற ஒவ்வொரு தடவையும் அத்தை சாய்ந்து சாய்ந்து நடப்பது கண் முன்னால் வரும். சுகம் கூசும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

மாமனார் ஒரு முறை வந்தார். திருப்பதியும் நமக்கே என்று அங்கே ஒரு கூட்டமாம். வந்ததும் "தண்ணி" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு, "திருப்பதி தண்ணி திருப்பதி தண்ணிதான்" என்றார்.

"இங்க வாசல்லயே கொழா மாமா" என்றேன்.

"ம்" என்றார்.

நான் வாய் செத்தவள் இல்லை. ஆனாலும் மாமனாரிடம் நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை. சுற்றி வளைத்து, "அத்தைக்கு இடுப்பு வலி எப்படி இருக்குது மாமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா, ஒக்காந்து ஒக்காந்து வர்ற வலி. கொஞ்சம் நடந்தா சரியாயிடும்" என்றார்.

குழந்தை அழுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். வீட்டில் தண்ணீர் இருக்கிறது. தெருவில் குழாய் இல்லை, வண்டி இல்லை. வாத்தியாராக இருந்தவருக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாதா? தெரியும். கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் அவர் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் மானத்தைப் பற்றிப் பேசுகிறவர் வீட்டில் மானம் குடத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தது. அவர் மகனிடம் சொன்னேன். "நைனாகிட்ட யாரு சொல்றது?" என்றுவிட்டு அவர் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் எல்லை தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போனது. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, திருப்பதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு மறுபடி சித்தூருக்கே மாற்றலாகி நாங்கள் திரும்பியபோது, தெரு சாவு வீடு மாதிரி இருந்தது. மாமனார் வாசகசாலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவர் கேட்டது நியாயமா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆசைப்பட்டது நெஞ்சார ஆசைப்பட்டார். நான் மாமனாரிடம் கோபப்படுகிறபோதெல்லாம் அதையும் நினைத்துக்கொள்வேன்.

ஆறு மாதம் போகட்டும் என்றுகூட யாரும் காத்திருக்கவில்லை. இனி இந்த முனிசிபாலிட்டிதான் என்று ஆனதும், எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள்தானே அவரைத் திருப்பி அனுப்பினீர்கள், நீங்களே போய்க் கேளுங்கள் என்று தையல்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஏணியில் ஏறிப் பிடுங்கியவர் அவர் என்பது அவருக்கு மறந்து போயிற்று. மாமனார் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போய்வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

அதே ஓவர்சியர் வந்தார். தெருவை அளந்தார். குழாய்க்கு எங்கள் வீட்டு எதிர்ச்சுவர்தான் சரியான இடம் என்று முடிவாயிற்று. வழிகிற தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்க வீட்டுக்குள் வந்து, முற்றத்தைத் தாண்டிக் கொல்லைச் சாக்கடை வரை போய்த் திரும்பினார். நல்ல வெயில். முற்றத்தில் நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றார்.

சமையலறை முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தது. வாசற்படிக்கு உள்ளேதான் அண்டா. மாமனாரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார், தையல்காரரும் குமாஸ்தாவும் கூட. அத்தை மூடியை எடுத்தார். எப்போதும் எழுத்து தரையைப் பார்க்கும்படிதான் கவிழ்த்து வைப்பார். அன்றைக்குச் சுவரில் சாய்த்து வைத்தார், எழுத்து வெளியே தெரிய. மறந்து வைத்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

தண்ணீர் முத்து முத்தாக நின்ற நீலத்தில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது. ஓவர்சியர் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தார். "மாமிடி தோட்ட வீதி."

கிணற்றில் கிடப்பதாக நினைத்திருந்த பலகையை மாமனார் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். ஓவர்சியர் சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொம்பை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "நீள்ளு சால பாகுன்னாயம்மா. எக்கடிவி?" தண்ணீர் நன்றாக இருக்கிறது, எங்கே பிடித்தது?

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் முதல்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

"பக்கத்துத் தெரு கொழா தண்ணிங்க" என்றார் அத்தை. "நான்தான் போய்ப் புட்சிக்கினு வர்றேன். வண்டி நின்னதுலருந்து."

"தெலுசம்மா, தெரியும்" என்றார் ஓவர்சியர். "கொழாயண்ட கீற அந்த ஊட்டம்மாதான் ஆபீசுக்கு வந்து வந்து என் உயிர வாங்கினாங்க. பக்கத்துத் தெரு பெரியம்மா இடுப்ப புட்சிக்கினு நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணு போடுப்பான்னு. நான் மொத வாட்டியே சொன்னேன், அந்தத் தெரு ஆளுங்களே தெரு இல்லன்னு அனுப்பிட்டாங்கம்மா, நான் இன்னா பண்றதுன்னு. அதுக்கு அவங்க, இல்லன்னு சொன்னது ஆம்பளைங்க, தண்ணி தூக்கறது பொம்பளைங்க, அவங்கள கேட்டியான்னாங்க. இப்பதான் ஆர்டரு வந்துச்சு."

மாமனார் ஆபீசுக்குப் போனதால் வந்த குழாய் இல்லை அது. அதுகூட அவருக்கு மிஞ்சவில்லை. தையல்காரர் மெல்ல நழுவினார். அவர் பின்னால் குமாஸ்தா.

அத்தை சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தம்மாவுக்கு மொதல்லருந்தே தெரியுமாமே மே. நான் பள்ளம், பள்ளம்னு சொல்லிக்கினே இருந்தேன். அவங்களும் அய்யோ பாவம், அய்யோ பாவம்னு கேட்டுக்கினே இருந்தாங்க. ஒரு நாளும் காட்டிக்கலியே." அழவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவரை அத்தை வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதை நினைத்து எனக்கும் தலை நிமிரவில்லை. ஒரு தெருவே சேர்ந்து இன்னொரு தெருவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் அவர்களிடமிருந்து எங்களைப் பிரித்துக்கொள்ள ஏணி வைத்து ஏறினோம்.

மறுநாள் காலை அத்தை போக மாட்டார் என்று நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு எப்போதும் போலப் போனார். வந்ததும் கேட்டேன். "ஒண்ணும் சொல்ல வரல. அவங்க மொகத்தப் பாத்தேன். ரா அக்கான்னாங்க. கொடத்த வெச்சேன்" என்றார்.

பள்ளம் தோண்டினார்கள், பைப்பு இறக்கினார்கள். குழாய் திறக்கிற நாளில் தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டோம். பலகையைத் தேய்த்துக் கழுவி, மாமனாரே எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஆணி ஓட்டையிலேயே மாட்ட வைத்தார். கவுன்சிலர் வந்து திறந்துவிட்டுப் போனார். தண்ணீர் முதலில் சிவப்பாக, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. யார் முதல் குடம் பிடிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமனார் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அத்தனை பேர் எதிரில் அத்தைக்கு அந்த மரியாதையைச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது நல்ல மனசுதான்.

அத்தை குடத்தோடு வெளியே வந்தார். குழாயைப் பார்த்தார். "நீங்க புடிங்க" என்றார். "எனக்கு அங்க ஆள் காத்துக்கினு கீறாங்க."

குழாயைத் தாண்டி, புதிதாக மாட்டிய பலகைக்குக் கீழே முனை திரும்பி, பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார். சாய்ந்து சாய்ந்துதான் போனார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. மாமனார் உள்ளே வந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் குனிந்தார். குடத்தை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைக்கவும் தெரியாமல் தோளில் ஏற்றவும் தெரியாமல், வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்தார். வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. முதல்முறையாகச் சமையலறை வாசற்படியைத் தாண்டினார். அண்டாவில் ஊற்றிவிட்டு மூடியைத் தேடினார். மூடி தெருச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் இருந்த சலவைத் துண்டை எடுத்து அண்டாவின் வாயில் விரித்துவிட்டு வெளியே போனார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதினேன்.

அத்தை வந்தார். துண்டைப் பார்த்தார். அதை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, ஒரு தாம்பாளத்தால் அண்டாவை மூடினார். தான் கொண்டுவந்த குடத்தைத் தனியாக ஓரமாக வைத்தார்.

மத்தியானம் மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். "தண்ணி" என்றார். அத்தை ஓரத்துக் குடத்திலிருந்து மொண்டு கொண்டுபோய் வைத்தார். அவர் சொம்பைக் கையில் எடுத்தார். அண்ணாந்தவர் நிறுத்தினார். சொம்பைக் கீழே இறக்கி உள்ளே பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

"குடிங்க" என்றார் அத்தை. "இத்தினி நாளா கேக்காமதான குடிச்சீங்க."

அவர் குடித்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே நிற்க எனக்கு முகம் இல்லை.